தொண்ணூறு நாள் சீட்டு

அந்த வீட்டுச் சுவர் அலமாரியில் ஏழு தட்டுகள். அதில் மூன்று மச்சானுக்கு. மச்சான் அந்த வீட்டில் இல்லை. எட்டு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய ஊரில் வேலை. வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். ஆனாலும் மூன்று தட்டு. மாமியாருக்கு இரண்டு. மனைவிக்கு ஒன்று. மிச்சமிருந்த ஒன்றில் எட்டு வயது மகளுக்குப் பாதி, இஸ்திரிப் பெட்டிக்குப் பாதி. கேட்டீர்களா, இஸ்திரிப் பெட்டிக்கு! மாப்பிள்ளைக்கு மட்டும் கட்டிலுக்கு அடியில் ஒரு சூட்கேஸ். ஒரு சட்டை எடுக்க வேண்டுமென்றாலும் தரையில் மண்டி போட்டுக் குனிய வேண்டும். பதினோரு வருஷமாகக் குனிந்துகொண்டிருந்தார்.

குளியலறையிலும் அதே கதைதான். கதவுக்குப் பின்னால் நான்கு கொக்கிகள். ஒன்று மாமியாருக்கு, ஒன்று மனைவிக்கும் மகளுக்கும், ஒன்றில் காலமாகிவிட்ட மாமனாரின் துண்டு இன்னும் தொங்கியது. நான்காவது எப்போதும் காலி. ஒரு தடவை அவசரத்துக்கு அதில் தன் துண்டை மாட்டிவிட்டு வந்தார். மாமியார் அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"அது அவன் கொக்கி, மாப்பிள்ளை. திடீர்னு வந்து நின்னான்னா துண்டை எங்க மாட்டுவான்?"

அன்றிலிருந்து அவர் துண்டு ஜன்னல் கம்பியில் காய்ந்தது. மழை பெய்தால் காயாது. வெயில் அடித்தால் காக்கை வந்து உட்காரும், உட்கார்ந்ததற்கு அடையாளமும் வைத்துவிட்டுப் போகும்.

அவருக்கு அந்த வீட்டில் ஒரு பட்டப் பெயரும் உண்டு: விருந்தாளி. கல்யாணமான புதிதில், "பையன் வெளியூர் போயிட்டான், வீடு வெறிச்சோடிக் கிடக்கு, ஒரு ஆறு மாசம் எங்களோட இருங்க" என்று கூப்பிட்டவர்களே அவர்கள்தான். பெட்டியோடு வந்து இறங்கிய அன்று பக்கத்து வீட்டுப் பெண்மணி, "யாரு வந்திருக்கா?" என்று கேட்க, "ஒரு விருந்தாளி" என்றாள் மாமியார். சும்மா வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் ஒட்டிக்கொண்டது. 'விருந்தாளிக்கு காபி குடு', 'விருந்தாளி குளிச்சாச்சா', 'விருந்தாளி இன்னிக்கு லீவா' என்று பதினோரு வருஷம் ஓடிவிட்டது. இத்தனை வருஷம் போகாத விருந்தாளியை உலகத்தில் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

விருந்தாளி என்றால் என்ன என்று அந்த ஊரிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். வேலை அப்படி. ஒரு பெரிய ஹோட்டலில் மூன்று மாடிகளுக்கு அவர்தான் மேற்பார்வையாளர். விருந்தினர் காலி செய்த அறையைப் பணிப்பெண்கள் கழுவித் துடைத்த பிறகு, விரலில் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போவார். கதவின் மேல் விளிம்பு, ஷவரின் பின்பக்கம், கழிப்பறைக் கோப்பையின் அடி வளைவு என்று யாரும் பார்க்காத இடமாகத் தடவிப் பார்ப்பார். துணி வெள்ளையாகவே இருந்தால் கையெழுத்து. இல்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து. விருந்தினர் மறந்து விட்டுப்போன சாமானுக்கும் அவர்தான் பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கட்டுவார்: என்ன பொருள், எந்த அறை, எந்தத் தேதி. உரியவருக்குத் தகவல் போகும். தொண்ணூறு நாள் காத்திருப்பார்கள். வேண்டும் என்று பதில் வரவில்லை என்றால் பொருள் வெளியே. இதுதான் அங்கே சட்டம். ராஜாவே விட்டுப்போன கிரீடமாக இருந்தாலும் தொண்ணூறு நாள்தான்.

இனி வயிற்றெரிச்சலான பகுதி.

மாமனார் கை கால் விழுந்து படுத்த படுக்கையாக இரண்டு வருஷம் கிடந்தார். பேச்சு பாதி போய்விட்டது. அந்த இரண்டு வருஷமும் அவரைக் குளிப்பாட்டியது மாப்பிள்ளைதான். தினமும் காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி, குளியலறையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கையை நனைத்துச் சூடு பார்த்துத் தண்ணீர் ஊற்றுவார். படுக்கையில் போனால் துடைத்தவரும் அவரே. முகம் சுளித்தது கிடையாது. அதை அவர் பெருமையாக நினைத்ததும் இல்லை. செய்ய வேண்டியது, செய்தார்.

தினமும் மாமனாரின் நிலைமையைக் குடும்ப குரூப்பில் மச்சானுக்கு எழுதுவார். பதிலாக ஒரு மஞ்சள் கட்டைவிரல் வரும். ஒரு வார்த்தை கிடையாது. விரல் மட்டும். மாமியாரிடம் இருந்தது பழைய பட்டன் போன். குரூப்பெல்லாம் அவளுக்குத் தெரியாது. மச்சான் அவளுக்குப் போன் செய்வதும் எப்போதாவதுதான், அப்பா பேச்சு வந்தாலே ஆபீஸில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுவார். முதல் நாள் அந்தக் கட்டைவிரல் வந்தபோது அவள் கதவருகே வந்து நின்றாள்.

"என் பிள்ளை என்ன சொன்னான் மாப்பிள்ளை?"

அந்த முகத்தைப் பார்த்து 'விரலைக் காட்டினார்' என்று எப்படிச் சொல்வது?

"விசாரிச்சாரு அத்தை. மாமாவுக்குப் பாதத்தை நல்லா அமுக்கி விடச் சொன்னாரு" என்றார்.

மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. அவ்வளவுதான், மறுநாளும் கேட்டாள். மறுநாளும் சொன்னார். பிறகு அது தினப்படி வேலையாகிவிட்டது. மச்சான் கவலைப்பட்டாராம், மச்சான் யோசனை சொன்னாராம், மச்சானுக்குத் தூக்கமே இல்லையாம். இரண்டு வருஷத்தில் உட்கார்ந்த இடத்தில் ஒரு அருமையான பிள்ளையை அவர் தயார் செய்துவிட்டார். அந்தப் பிள்ளைக்கும் நிஜ மச்சானுக்கும் மூக்கு மட்டும்தான் ஒற்றுமை.

மாமனார் போனதற்கு மூன்று நாள் கழித்துத்தான் மச்சான் வந்து சேர்ந்தார். துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் மாமியார் சொன்னாள்: "என் பிள்ளை ஒரு நாள் தவறாம விசாரிச்சான். அவன் அங்க இருந்துக்கிட்டே இவரைப் பார்த்துக்கிட்டான்." மச்சான் பணிவாகத் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை! யாரோ ஒருவர், "மாப்பிள்ளையும் கூடவே இருந்தாரே?" என்று கேட்டார்.

"ஆமா, அவரும் கூடமாட ஒத்தாசையா இருந்தாரு" என்றாள் மாமியார்.

கூடமாட. வந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் கை அப்படியே நின்றுவிட்டது. போதாததற்குக் கிளம்பும்போது மச்சான் அவர் தோளில் தட்டி ஒரு வார்த்தை சொன்னார்: "எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க மாப்ளே. உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க."

மாதிரியாம், மாதிரி! அன்றைக்கே மாப்பிள்ளை மனசுக்குள் கறுவிக்கொண்டார். எனக்கு ஒரு தட்டு, ஒரு கொக்கி. அதை நான் கேட்டு வாங்கப் போவதில்லை. இந்த வீட்டில் விருந்தாளி யார் என்று எல்லாருக்கும் காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

ஒரு வருஷம் பொறுத்தார். பிறகு ஒரு விடுமுறை நாளில், வீட்டில் யாரும் இல்லாதபோது, மச்சானின் மூன்று தட்டுகளையும் குளியலறை மூலையையும் ஹோட்டல் முறைப்படி சோதித்தார். நாற்பத்தேழு பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதினார். கல்லூரிக் காலத்து ஜீன்ஸ் ஆறு; இப்போது அதில் மச்சானின் ஒரு கால்தான் நுழையும். தலை உடைந்த பள்ளிக்கூடக் கோப்பை மூன்று. நரம்பு அறுந்த பேட்மிண்டன் மட்டை. காலி சென்ட் பாட்டில் பதினொன்று. எதற்கென்றே தெரியாத ஒயர்கள் ஒரு ஷூ டப்பா நிறைய. துருப்பிடித்த ரேசர். மயிர் எல்லாம் நாலா பக்கமும் விரிந்த ஒரு பல் பிரஷ். படம் எடுத்து, வரிசை எண் போட்டு, குரூப்பில் அனுப்பினார். கீழே தெளிவாக எழுதினார்: 'மச்சான், இவை உங்கள் பொருள்கள். வேண்டியதைத் தொண்ணூறு நாளுக்குள் சொல்லவும். சொல்லாதவை அப்புறப்படுத்தப்படும். சம்மதமா?'

பதினோராவது விநாடியில் கட்டைவிரல் வந்தது.

மனைவி அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "என்னங்க இது? அண்ணன் படிச்சிருக்கவே மாட்டாங்க."

"படிக்கலைன்னா அது என் தப்பா?"

"வேணாங்க. வந்தா கத்துவாங்க."

"கத்தட்டும்" என்றார் அவர். "பதினோரு வருஷத்துல நான் ஒரு நாளாவது கத்தியிருக்கேனா? என் பங்கையும் சேர்த்து அவரே கத்தட்டும்."

அதோடு அவள் விட்டுவிட்டாள். அவளும்தானே தினமும் அந்தத் துண்டில் காக்கை எச்சத்தைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

எண்பத்தேழாவது நாள் மச்சான் அம்மாவுக்குப் போன் செய்தார். பத்து நாள் லீவு, புதன்கிழமை காலையில் வந்துவிடுவேன் என்றார். மாமியாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"விருந்தாளி, செவ்வாய்க்கிழமை உங்களுக்கு லீவுதானே? பாத்ரூமையும் அலமாரியையும் கொஞ்சம் சுத்தம் பண்ணிடுங்களேன். உங்களுக்குத்தான் அது கை வந்த வேலையாச்சே. ஆனா அவன் சாமான்ல மட்டும் கை வைச்சுடாதீங்க, சரியா?"

"சரிங்க அத்தை, நல்லா சுத்தம் பண்ணிடறேன்" என்றார். கை வைக்க மாட்டேன் என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? செவ்வாய்க்கிழமை தொண்ணூறாவது நாள்.

அன்று காலையிலேயே மனைவி தன் அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அது அவளாகச் செய்த ஏற்பாடு. போகும்போது புருஷனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு இறங்கினார்.

அவருடைய முறை எப்போதும் ஒன்றுதான். காய்ந்த வேலை முதலில், ஈர வேலை பிறகு. மேலிருந்து கீழே. மருந்து ஊறட்டும், மனுஷன் எதற்குச் சும்மா நிற்க வேண்டும்? முதலில் எக்ஸாஸ்ட் ஃபேனின் தூசியைத் தட்டினார். ஷவரின் தலைக்கு ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார். டைல்ஸ் இடுக்குகளில் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவினார். கழிப்பறைக் கோப்பையின் அடி வளைவு வரைக்கும் மருந்து ஊற்றினார். அது ஊறுகிற நேரத்தில் அலமாரிக்கு வந்தார். ஏழு தட்டையும் காலி செய்து, உள்ளே படிந்திருந்த பழைய செய்தித்தாளை உரித்தெடுத்து, பூச்சி அரித்த பொடியைக் கூட்டி, சோப்புத் தண்ணீரில் துடைத்து, மின்விசிறியைப் போட்டுக் காய விட்டார். மச்சானின் நாற்பத்தேழும் இரண்டு மூட்டையாயின. உடுத்தக்கூடியவை ஒரு மூட்டை. ஹோட்டலில் கேட்பாரில்லாத சாமானை அள்ளிக்கொண்டு போகிற ஓர் ஆதரவற்றோர் இல்லத்தின் வேன் வாசலுக்கே வந்து அதை ஏற்றிக்கொண்டது. மற்றது குப்பை வண்டிக்கு. ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். பதினேழாம் நம்பர், பல் பிரஷ்.

அந்தப் பிரஷ்ஷால்தான் தண்ணீர் போகும் துளையின் சல்லடை மூடியைத் தேய்த்தார். முடியும் சோப்புக் கசடும் பத்து வருஷ அழுக்கும் வழுவழுவென்று வந்தன. தேய்க்கத் தேய்க்க, 'உங்க வீடு மாதிரி, உங்க வீடு மாதிரி' என்று வாய் தானாக முணுமுணுத்தது. இவ்வளவு உற்சாகமாக அவர் ஹோட்டலில்கூட ஒரு சல்லடையைத் தேய்த்ததில்லை.

பரணிலிருந்து முதலிலேயே இறக்கி வைத்திருந்த காலாவதியான டானிக், ஒட்டிக்கொண்ட மாத்திரை, மூடி போன பவுடர் டப்பா எல்லாவற்றையும் குப்பைக் கூடையில் போட்டார். அவற்றுக்குப் பின்னால் அந்தப் பச்சை பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதைக் கழுவினார். கழுவிவிட்டு, என்ன தோன்றியதோ, அதிலேயே உட்கார்ந்தார். இங்கேதான் மாமனார் உட்காருவார். தண்ணீர் தலையில் விழும்போது கண்ணை மூடிக்கொண்டு, வராத பேச்சில், "பை... பையா..." என்பார். தன் மகனைத்தான் கூப்பிடுகிறார் என்று மாமியார் சொல்வாள். இருக்கலாம். ஆனால் கூப்பிட்டபோதெல்லாம் 'சொல்லுங்க மாமா' என்று பதில் சொன்னவர் இவர்தான். கோபம் இன்னும் ஒரு மடங்கு ஏறியது. எழுந்துபோய் மிச்சமிருந்த சுவரைத் தேய்த்தார்.

மாமியார் திரும்பி வந்தபோது குளியலறை கண்ணைப் பறித்தது. அலமாரியின் குறுக்கே நாடா ஒட்டி, 'பூச்சி மருந்து. காலை வரை திறக்க வேண்டாம்' என்று எழுதி வைத்திருந்தார்.

"அடேயப்பா! என் பிள்ளை பார்த்தா ரொம்ப சந்தோஷப்படுவான்" என்றாள் அவள்.

தேய்த்தவனைப் பற்றி ஒரு வார்த்தை? ம்ஹூம்.

புதன்கிழமை காலை மச்சான் வந்து இறங்கினார். வந்ததும் நேராகக் குளியலறைக்குள் போனவர் அங்கிருந்தே சத்தம் போட்டார். "மாப்ளே! என்ன இது, ஸ்டார் ஹோட்டல் மாதிரி இருக்கு!"

இருக்காதா பின்னே? மேலாளரிடம் கேட்டு, ஹோட்டல் கழித்த பழைய சரக்கில் கொஞ்சம் வாங்கி வந்திருந்தார். கோப்பையின் மூடிக்குக் குறுக்கே, 'உங்களுக்காகக் கிருமி நீக்கம் செய்யப்பட்டது' என்று அச்சடித்த காகிதப் பட்டை. டிஷ்யூ சுருளின் நுனி முக்கோணமாக மடித்திருந்தது. விரல் நீளத்துக்கு ஒரு குட்டிச் சோப்பு, உறை பிரிக்காத பிரஷ், காகித மூடி போட்ட டம்ளர், அன்னம்போல மடித்த வெள்ளைத் துண்டு. பக்கத்தில் ஒரு அட்டை: 'அன்புள்ள விருந்தினருக்கு, தங்கள் வருகைக்கு நன்றி. காலி செய்யும் நேரம் பகல் பதினொரு மணி.'

மச்சான் அதைப் படித்திருப்பாரா? அவர் எதைத்தான் படித்தார்.

சிரித்துக்கொண்டே குளித்து வந்தவர் பெட்டியைத் திறந்து துணிகளை அள்ளிக்கொண்டு அலமாரியின் நாடாவைக் கிழித்தார். கதவு திறந்தது. மாமியாருக்கு இரண்டு தட்டு. மனைவிக்கு ஒன்று. மகளுக்கு முழுசாக ஒன்று. போர்வைகளுக்கு ஒன்று. இஸ்திரிப் பெட்டிக்குக்கூடப் பதவி உயர்வு, தனித் தட்டு. சரியாக நடுத் தட்டில், கண் மட்டத்தில், மாப்பிள்ளையின் சட்டைகள் ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தன. கீழே மூலையில் மடக்குகிற பெட்டித் தாங்கி ஒன்று, அதன் மேல் ஓர் அட்டை: 'விருந்தினர் பெட்டி.'

"அம்மா! என் தட்டு எங்கம்மா? என் சாமானெல்லாம் எங்க?"

மாமியார் ஓடி வந்தாள். பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"மாப்பிள்ளை! கை வைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா? என் வீட்டுல என் பிள்ளை சாமானைத் தூக்கிப் போட நீங்க யாரு?"

"அதைத்தான் அத்தை நானும் பதினோரு வருஷமா தெரிஞ்சுக்கப் பார்க்கறேன், நான் யாருன்னு" என்றார் மாப்பிள்ளை. குரல் உயரவில்லை. "ஆனா நான் கேட்காம எதுவும் செய்யல. மச்சான்கிட்ட கேட்டேன். சரின்னாரு."

"எப்பங்க கேட்டீங்க?" என்றார் மச்சான்.

மாப்பிள்ளை போனை எடுத்து நீட்டினார். நாற்பத்தேழு படம். தொண்ணூறு நாள் விதி. கீழே கட்டைவிரல்.

"அட, இதை யாரு மாப்ளே படிச்சா? சும்மா ஒரு விரலைப் போட்டு விட்டிருப்பேன்."

"படிக்காமலா சரின்னே?" மாமியார் கேட்டாள்.

"ஆபீஸ்ல ஒரு நாளைக்கு ஆயிரம் வருதும்மா. குரூப்ல என்ன வந்தாலும் நான் அப்படித்தான் போடுவேன். எல்லாத்துக்கும்."

சொல்லிவிட்டார். யாரும் பிடுங்கவில்லை, அவர் வாயாலேயே வந்தது. மாமியார் மகனுக்கு நேரே வந்து நின்றாள்.

"எல்லாத்துக்குமாடா? அப்பாவுக்கு முடியாம இருந்தப்போ இவரு எழுதுனாரே, அதுக்கும்?"

மச்சான் குனிந்து துணிகளை மறுபடியும் பெட்டிக்குள் திணிக்க ஆரம்பித்தார்.

அந்த இடத்தில் மாப்பிள்ளை நினைத்திருந்தால் பேச்சை மாற்றியிருக்கலாம். மாமனார் விஷயத்தை இழுப்பதாக அவர் திட்டமே போடவில்லை. அதை இழுத்தால் தன்னுடைய இரண்டு வருஷப் பொய்யும் சேர்ந்துதான் வெளியே வரும் என்று அவருக்குத் தெரியும். 'விடுங்க அத்தை, பழைய கதை' என்றால் முடிந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கூடவே 'கூடமாட'வும் வந்தது. போனில் ஒரு வருஷத்துக்கு முந்தைய பக்கத்துக்குப் போய், அதை மச்சான் கையில் கொடுத்தார்.

"படிங்க மச்சான். அத்தைக்குக் கேட்கிற மாதிரி."

"எதுக்கு இப்ப..."

"படி" என்றாள் மாமியார்.

மச்சான் படித்தார். "'மாமா இன்னிக்கு வலது கையைக் கொஞ்சம் அசைச்சார்.'"

"நீ என்ன எழுதுனே?"

"விரல்மா."

"அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க?" மாமியார் மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள்.

"மச்சான் போன்லயே துள்ளிக் குதிச்சாருன்னு சொன்னேன்."

"தெரு முழுக்கப் போய்ச் சொன்னேனே நான்" என்றாள். "அடுத்தது படி."

"'மாமா சாப்பிட மாட்டேங்கிறார். நீங்க ஒரு வார்த்தை பேசினா சாப்பிடுவார்னு தோணுது. ஒரு போன் பண்ணுங்க.'" மச்சான் போனைத் தாழ்த்தினார். "விரல்மா."

"சாப்பாட்டை மசிச்சு வடிகட்டிக் குடுக்கச் சொன்னான்னீங்க. குடுத்ததும் சாப்பிட்டாரு. என் பிள்ளை சொன்ன யோசனைன்னு டாக்டர்கிட்டகூடச் சொன்னேன். அது யாரு யோசனை?"

பொய் சொல்வானேன், மாப்பிள்ளைக்கு இனித்தது. மூன்று வருஷமாகத் தொண்டையில் நின்றது ஒவ்வொன்றாக இறங்கியது. அதே சமயம் மாமியாரின் கண்ணைப் பார்க்கவும் முடியவில்லை.

"அடுத்தது."

மச்சான் பார்த்தார். படிக்கவில்லை.

"அம்மா, எனக்குப் பயமா இருந்துச்சும்மா. அப்பா பேரைப் பார்த்தாலே உள்ள என்ன எழுதியிருக்குமோன்னு பயம். படிக்கவே மாட்டேன். விரலைப் போட்டுட்டு மூடிடுவேன்."

"பயந்தவன் வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். ஊரே உன்னைப் பாராட்டினப்போ மட்டும் பயமில்லாம தலையை ஆட்டினியே. படி."

"'டாக்டர் கையை விரிச்சுட்டார்'" என்று ஆரம்பித்து மச்சான் நிறுத்தினார். "'உடனே கிளம்பி வாங்க. அத்தை உங்களை எதிர்பார்த்து வாசல்லயே உட்கார்ந்திருக்காங்க.'"

கீழே அதே மஞ்சள் விரல். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மாமியார் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பஸ் கிடைக்கலைன்னு சொன்னீங்க மாப்பிள்ளை. போன்ல குழந்தை மாதிரி அழுதான்னு சொன்னீங்க. என் பிள்ளை அங்க தனியா அழறானேன்னு நான் அவனை நினைச்சு அழுதுக்கிட்டு இருந்தேன். இங்க போய்க்கிட்டிருந்த மனுஷன் பக்கத்துலகூட உட்காரல. நீங்களும் சேர்ந்துதானே என்னை முட்டாளாக்குனீங்க?"

இதை மாப்பிள்ளை எதிர்பார்க்கவில்லை. பழி வாங்கிய ருசி வாயில் இருக்கும்போதே கன்னத்தில் ஒரு அறை விழுந்ததுபோல இருந்தது.

"தப்புதான் அத்தை" என்றார்.

"அழுதான்னு சொன்னீங்களே. அப்படி ஒருத்தன் அழவே இல்லையா?"

அதுவரை வாசற்படியில் நின்றிருந்த மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அழுதாங்கம்மா. இவங்கதான் அழுதாங்க. அப்பாவைத் துடைச்சுப் படுக்க வைச்சுட்டு, பாத்ரூமுக்குள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதாங்க. நான் வெளியில நின்னு கேட்டேன்."

மாமியார் எழுந்தாள். ஜன்னலுக்குப் போய்க் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த துண்டை உருவினாள், உதறினாள். அதை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் ஓடியது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள், கையில் துண்டு இல்லை. மாப்பிள்ளை பிறகு போய்ப் பார்த்தார். நான்காவது கொக்கியில் தொங்கியது.

மறுநாள் காலையில் மாமியார் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். "விருந்தாளிக்கு காபி குடு."

பதினோரு வருஷப் பழக்கம். மாப்பிள்ளை தானாகக் கையை நீட்டிவிட்டார்.

"உங்களுக்கு இல்ல மாப்பிள்ளை. நீங்க உள்ள வந்து எடுத்துக்குங்க" என்றாள். மச்சான் டம்ளரை வாங்கிக்கொண்டு தலை நிமிராமல் குடித்தார்.

பத்து நாள் என்று வந்தவர் நான்காவது நாளே, ஆபீஸில் அவசரம் என்று பெட்டியைத் தாங்கியிலிருந்து தூக்கிக்கொண்டு கிளம்பினார். அம்மா வாசல் வரை வந்தாள். சாப்பிட்டுப் போ, ஊர் சேர்ந்ததும் போன் பண்ணு என்றெல்லாம் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை தன் தட்டின் முன்னால் நின்று, குனியாமல், மறுநாளைக்கு ஒரு சட்டையை எடுத்துக்கொண்டிருந்தார். மாமியார் வந்து நின்றாள். கையில் தாடி மழிக்கிற சின்ன மெஷின். குளியலறையில் கண்ணாடிக்குக் கீழே மச்சான் மறந்து வைத்துவிட்டுப் போனது.

"அந்தச் சீட்டு இன்னும் இருக்கா மாப்பிள்ளை?"

"இருக்கு அத்தை."

"எழுதுங்க."

மாப்பிள்ளை எடுத்து எழுதினார். என்ன பொருள், எந்த இடம், எந்தத் தேதி. நூலைக் கோத்து மெஷினில் கட்டினார்.

"எத்தனை நாள் வைப்பீங்க?"

"எங்க ஹோட்டல்ல தொண்ணூறு நாள் அத்தை."

அவள் அதை வாங்கி, சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் ஒரு தடவை படித்தாள். பிறகு இஸ்திரிப் பெட்டி இருந்த தட்டின் மூலையில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"அது உங்க ஹோட்டலுக்கு. நம்ம வீட்டுக்கு முப்பது போதும்" என்றாள்.